செம்மண்ணில் இரும்பிருந்தும் வாடும் வெட்சி

ஆநிரை கவரச் சென்ற வீரர் சூடிய வெட்சியை யாழ்ப்பாணத்து முற்றங்களில் எக்ஸோரா என்றே பலரும் அழைக்கிறார்கள். கோடையில் அதன் கொழுந்துகளை உற்றுப் பார்த்தால், நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் எலுமிச்சம்பழ நிறத்தில் வெளிறியிருப்பதைக் காணலாம். அதே கிளையின் அடியிலைகளோ கரும்பச்சையாகவே இருக்கும். உரம் போதாதென்று எண்ணிப் பலர் அடுப்புச் சாம்பலை இடுகிறார்கள். சாம்பல் காரமானது, ஆகவே குறை கூடவே செய்யும்.

இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய இந்த என்றும் பசுமையான செடி, பீஎச் (அமில, கார அளவு; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 5 முதல் 6 வரையுள்ள அமில மண்ணையே விரும்புகிறது. குடாநாடோ சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது, அது மண்ணின் பீஎச்சை உயர்த்துகிறது. இத்தனைக்கும் குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டின் நிறந்தான். இரும்பு நிறைய உண்டு. ஆனால் அது கரைவதில்லை. பீஎச் ஓர் அலகு உயரும்போது, கரைந்த நிலையிலுள்ள பெரிக்கு இரும்பு ஏறத்தாழ 1,000 மடங்கு குறைகிறது. வேர் தானே அமிலத்தைச் சுரந்து இரும்பைக் கரைக்க முயல்கிறது. நாம் ஊற்றும் கிணற்றுநீரிலுள்ள இருகாபனேற்று அந்த அமிலத்தை உடனுக்குடன் நடுநிலையாக்கிவிடுகிறது. கேத்திலின் அடியில் வெண்படையாகப் படிவது இந்த இருகாபனேற்றிலிருந்து பிறக்கும் கல்சியம் காபனேற்றே. பச்சையம் உருவாக இரும்பு இன்றியமையாதது. முதிர்ந்த இலையில் சேர்ந்த இரும்பு கொழுந்துக்கு எளிதில் நகராது என்பதால், புதிய இலையே முதலில் வெளிறுகிறது.

நிலத்தில் கந்தகம் இட்டால் பற்றீரியாக்கள் அதைச் சல்பூரிக் அமிலமாக்கும். எனினும் மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருந்தால் அந்த அமிலம் அதிலேயே தீர்ந்துபோகும். ஒரு பிடி மண்ணில் வினாகிரி விட்டு, நுரைக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும். நுரைத்தால் பெரிய சாடியில் நடுவதே நல்லது. உப்புப் போகக் கழுவிய தும்புத்தூளையும் மக்கிய இலைக்குப்பையையும் செம்மண்ணோடு கலந்து நிரப்பி, ஐப்பசி கார்த்திகை மழைநீரைத் தொட்டியில் சேமித்து, கோடையில் அதையே ஊற்றலாம். பொசுபேற்று உரத்தை மிகையாக இடக்கூடாது. அதுவும் இரும்பைப் பிணைத்துவிடும். சுண்ணாம்பு நிலத்திலேயே நிற்கும் பழைய செடிக்கு இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் இரும்புக் கொடுக்கிணைப்பு (கீலேற்று) உரம் உதவும். அதில் ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் விரைவில் பயனிழக்கும், ஈடிடிஎச்ஏ (EDDHA) வகையே நிலைக்கும்.

வெளிறிய இலைகள் முழுதும் தேறாமற் போகலாம். அடுத்து விரியும் கொழுந்தைக் கொண்டே பலனை அறியவேண்டும். கிளை நுனியிலேயே பூங்கொத்து வருமாதலால், கத்தரிப்பதைப் பூ உதிர்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.