'ஸ்டாண்டிங்ஸ்' என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

பேஸ்பால் பக்கம் எட்டிப் பார்க்கிற நம் ஆட்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சொல் 'ஸ்டாண்டிங்ஸ்'. கிரிக்கெட் பழக்கத்தில் சிலர் அதைப் 'புள்ளிப்பட்டியல்' என்கிறார்கள், சிலர் 'தரவரிசை' என்கிறார்கள். முதலாவது சின்னப் பிழை, இரண்டாவது பெரிய பிழை. அதுவும் எல்லாக் காலத்து வீரர்களையும் ஒரே லீக்கில் இறக்கி, கணினியிலோ பகடையிலோ ஒரு பருவம் முழுக்க ஆடவைத்து, எந்தப் பிரிவில் எந்த அணி எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே எழுதிப் பார்க்கிற பொழுதுபோக்கு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறதே, அங்கே அந்தப் பெரிய பிழை கணிப்பையே கெடுத்துவிடும்.

சொல்லின் வேரைப் பார்த்தால் சிக்கலே இல்லை. 'ஸ்டாண்ட்' என்றால் நில். 'ஸ்டாண்டிங்' என்றால் நிற்கிற இடம். அதிலிருந்து ஒருவர் சமூகத்தில் வகிக்கும் இடம், மதிப்பு என்று பொருள் விரிந்தது. லத்தீனில் 'ஸ்டாரே' என்றாலும் நிற்றல்தான், 'ஸ்டேட்டஸ்' என்ற சொல்லும் அந்த வீட்டுப் பிள்ளையே. விளையாட்டில் பன்மையாக்கி 'ஸ்டாண்டிங்ஸ்' என்று சொல்வது அமெரிக்கர்களின் வழக்கம், பிரிட்டிஷ்காரர்களுக்கு அது 'டேபிள்'. நம்மிடமும் நில் என்ற வேரிலிருந்து நிலை, நிலைமை, நிலவரம் எல்லாம் இருக்கின்றன. தேர்தல் முடிவு வரும் நாளில் 'முன்னணி நிலவரம்' என்று தொலைக்காட்சியின் அடியில் ஓடுமே, யார் எத்தனை இடத்தில் முன்னே, யார் பின்னே, இந்த நிமிடக் கணக்கு இது, அடுத்த நிமிடம் மாறலாம் என்ற பொருளோடு, அதுதான் ஸ்டாண்டிங்ஸ். இலங்கையில் 'நிலைவரம்' என்று எழுதுவார்கள், அதுவும் நல்ல சொல்தான். என் தேர்வு 'அணி நிலவரம்'. அட்டவணையாகப் போடும்போது 'நிலவரப் பட்டியல்'.

புள்ளிப்பட்டியல் ஏன் பொருந்தாது? பேஸ்பாலில் புள்ளியே கிடையாது. வெற்றி, தோல்வி, வெற்றி விகிதம், முதல் அணியிலிருந்து எத்தனை ஆட்டம் பின்னால் என்ற நான்கும்தான் பட்டியலின் முக்கியமான கட்டங்கள். கடைசிக் கட்டம் நமக்குப் பழக்கமில்லாதது. முதல் அணி 50 வெற்றி 30 தோல்வி, அடுத்த அணி 48 வெற்றி 31 தோல்வி என்றால், வெற்றியில் வித்தியாசம் 2, தோல்வியில் 1, கூட்டி இரண்டால் வகுத்தால் ஒன்றரை. அதாவது 'ஒன்றரை ஆட்டம் பின்தங்கல்'. அரை ஆட்டம் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு: ஓர் அணி மற்றதைவிட ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். 1906இல் சிகாகோ கப்ஸ் 116 வெற்றி 36 தோல்வியோடு முடித்தபோது, இரண்டாவதாக வந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் 20 ஆட்டம் பின்னால் நின்றது.

'டிவிஷன்' இன்னொரு பொறி. சென்னை லீக் கிரிக்கெட் பார்த்தவருக்கு 'பர்ஸ்ட் டிவிஷன்' என்றால் மேல்தட்டு, அதற்குக் கீழே செகண்ட், தேர்ட். இங்கிலாந்துக் கால்பந்து தந்த பழக்கம் அது. அமெரிக்காவில் டிவிஷன் என்பது படிக்கட்டு இல்லை, ஊர் வாரியாகப் பிரித்த கூறு. 1969இல்தான் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்ற இரண்டு பெரிய லீக்குகளும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்தன. 1994இல் நடு என்று மூன்றாவது சேர்ந்தது. ஊர் வாரி என்றும் முழுக்க நம்ப முடியாது: 1969 முதல் 1993 வரை அட்லாண்டாவும் சின்சினாட்டியும் நேஷனல் லீக்கின் 'மேற்கில்' இருந்தன, அவற்றுக்கு மேற்கே இருக்கும் செயின்ட் லூயிஸ் 'கிழக்கில்' இருந்தது! பெயர் போகட்டும், தமிழில் 'பிரிவு' போதும், 'அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவு' என்றால் யாருக்கும் புரியும்.

'சிமுலேஷன்' லத்தீனில் ஒத்தது, போன்றது என்ற சொல்லிலிருந்து வந்தது. 'உருவகப்படுத்தல்' என்று எழுதினால் அணியிலக்கணத்து உருவகம் குறுக்கே வரும், எனக்குப் 'பாவனை ஆட்டம்' பிடித்திருக்கிறது. 1951இல் ஆப்பா, 1961இல் ஹால் ரிச்மனின் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற விளையாட்டுகளோடு அது அட்டையும் பகடையுமாக வளர்ந்தது. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை, அவர் நிஜத்தில் எவ்வளவு அடித்தார் என்பதற்கு ஏற்ப அதில் எண்கள். 1999இல் வந்த அவுட் ஆஃப் தி பார்க் போன்றவை அதையே கணினிக்குக் கொண்டுபோயின.

சரி, 'தரவரிசை' என்று சொன்னால் என்ன குடிமுழுகிப் போகிறது?

தரவரிசை என்பது ஒருவர் உட்கார்ந்து இவர் பெரியவர், அவர் அடுத்தவர் என்று இடும் தீர்ப்பு. நிலவரம் ஆடி முடித்த பிறகு வந்து நிற்கும் கணக்கு. எல்லாக் காலத்து லீக்கில் கணிப்பு எழுதுகிறவர்கள் நிறைய பேர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். 1927 நியூயார்க் யாங்கீஸா, 110 வெற்றி பெற்ற அணியாயிற்றே, இங்கேயும் 110 போடு என்கிறார்கள். அந்த 110 வந்தது அந்த ஆண்டின் பலவீனமான அணிகளையும் அடித்து. பாவனை லீக்கில் எதிரே நிற்கிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு காலத்தின் ராஜாக்கள். ஓர் அணியின் வெற்றி இன்னோர் அணியின் தோல்வி, ஆகவே ஒரு பருவத்தின் 162 ஆட்டத்தில் லீக் முழுதும் சராசரி வெற்றி 81தான். யாராவது ஒரு மாமன்னன் 70 வெற்றியோடு கடைசியில் நின்றே ஆக வேண்டும்.

அதோடு காலத்தைச் சரிக்கட்ட வேண்டும். பந்துவீச்சாளர் பாப் கிப்சன் 1968இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.12, பெட்ரோ மார்ட்டினெஸ் 2000இல் 1.74. தரவரிசைக் கண்ணுக்கு கிப்சன்தான் மேல். ஆனால் 1968இல் நேஷனல் லீக்கின் சராசரியே 2.99, அது பந்துவீச்சாளர்களின் ஆண்டு. அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டே பந்து வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10ஆகக் குறைத்தார்கள். 2000இல் அமெரிக்கன் லீக்கின் சராசரி 4.91. தன் காலத்தோடு ஒப்பிட்டால் பெட்ரோ ஒரு படி மேலே. அடிக்கிற பக்கமும் இப்படித்தான்: 1920இல் பேப் ரூத் 54 ஹோம் ரன் அடித்தபோது அமெரிக்கன் லீக்கில் அடுத்தவர் ஜார்ஜ் சிஸ்லர், 19. வெறும் 54 என்ற எண்ணைப் பார்த்தால் இன்றைக்கு அது அவ்வளவு அதிசயமாகத் தெரியாது.

இங்கேதான் 'கணிப்பு' என்ற நம் சொல் ஆங்கிலத்தைவிட நன்றாக உட்காருகிறது. 'பிரடிக்ட்' என்றால் லத்தீனில் முன்னே சொல்லுதல், அவ்வளவே. கணித்தலில் எண்ணிப் பார்ப்பதும் இருக்கிறது, வருவதைச் சொல்வதும் இருக்கிறது. பேஸ்பாலில் எண்ணிப் பார்க்க ஒரு நல்ல கருவி புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த 'பித்தாகரஸ்' சூத்திரம். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 800 எடுத்து 700 கொடுத்த அணிக்கு .566 வரும், 162 ஆட்டத்தில் ஏறக்குறைய 92 வெற்றி. முக்கோணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வர்க்கங்கள் இருப்பதால் வந்த பெயர். மனக்கணக்காகப் போட வேண்டுமென்றால் பத்து ரன் வித்தியாசத்துக்கு ஒரு வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்தாலும் அதிர்ஷ்டத்துக்கு ஓர் ஒதுக்கீடு விட்டாக வேண்டும். உண்மையிலேயே சரிபாதி வலிமை உள்ள அணி 162 ஆட்டம் ஆடினால், வெறும் தற்செயலால் மட்டுமே ஆறு வெற்றி மேலேயோ கீழேயோ போவது சர்வசாதாரணம். மூன்று பருவத்தில் இரண்டு முறை 75க்கும் 87க்கும் நடுவே நிற்கும், மூன்றாவது முறை அதற்கும் வெளியே. ஒரே வலிமையுள்ள ஐந்து அணிகளை ஒரு பிரிவில் போட்டால் வரும் வரிசை கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல். அதனால்தான் கணிப்பை 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எழுதாமல் வெற்றி எண்ணிக்கையாக எழுதச் சொல்கிறேன். இரண்டு அணிகளுக்கு நடுவே ஒரு வெற்றிதான் இடைவெளியா, பதினைந்தா என்பது அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு கிளப்பும் தன் வரலாற்றின் சிறந்த ஆட்களோடு இறங்கும் லீக்கை எடுத்துக்கொண்டால், நேஷனல் லீக் மேற்குப் பிரிவு ரொம்ப சுலபம். டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் 19ஆம் நூற்றாண்டு கிளப்புகள். வில்லி மேஸ், பேரி பாண்ட்ஸ், கிறிஸ்டி மேத்யூசன் மூவரும் ஜயன்ட்ஸ் சட்டையிலேயே இருக்கிறார்கள். மற்ற மூன்றில் பத்ரேஸ் 1969இல் பிறந்தது, ராக்கீஸ் 1993, டயமண்ட்பேக்ஸ் 1998. டயமண்ட்பேக்ஸுக்கு ராண்டி ஜான்சன் இருக்கிறாரே என்றால், இருக்கிறார், ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை வீசுவார், மீதி நான்கு நாள்? அமெரிக்கன் லீக் கிழக்கில் முதலில் கேட்க வேண்டியது ரூத் யாருக்கு என்பதை. பாஸ்டனிலும் ஆடியவர் அவர், லீக் விதி அவரை இரண்டு பக்கமும் அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் யாங்கீஸுக்கு எண் போடக் கூடாது.

மண்டை காய்வது அமெரிக்கன் லீக் நடுப் பிரிவில்தான். டெட்ராய்ட், கிளீவ்லாந்து, சிகாகோ ஒயிட் சாக்ஸ், வாஷிங்டனிலிருந்து 1961இல் குடிபெயர்ந்து ட்வின்ஸ் ஆன மினசோட்டா, நான்குமே 1901இல் அமெரிக்கன் லீக் பெரிய லீக்காகத் தொடங்கியபோது இருந்தவை. அதே வரிசையில் டை காப் ஒரு பக்கம், டிரிஸ் ஸ்பீக்கரும் பாப் ஃபெல்லரும் ஒரு பக்கம், எட் வால்ஷ் ஒரு பக்கம், வால்டர் ஜான்சன் ஒரு பக்கம். 1969இல் வந்த கான்சஸ் சிட்டி மட்டும் ஆள் பற்றாக்குறையில் நிற்கும். என் கணிப்பு: கிளீவ்லாந்து 85, டெட்ராய்ட் 84, மினசோட்டா 82, சிகாகோ 79, கான்சஸ் சிட்டி 68. கடைசி எண்ணில் மட்டும் எனக்குத் துணிச்சல் இருக்கிறது. மேலே உள்ள நான்கையும் யாராவது தலைகீழாக எழுதி வந்தால் சண்டைக்குப் போக மாட்டேன்.