கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சிறுநீர்க் கசிவு நிற்குமா?

"கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாப் போயிருமா டாக்டர்?" காரைக்குடியில் மகளிர் நல மருத்துவம் பார்க்கிற என்னிடம் சிறுநீர் கசிகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். என்ன பிரச்சினை என்று பேசவே ஆரம்பித்திருக்க மாட்டோம், அதற்குள் தீர்ப்போடு வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா எடுத்திருப்பார், நாத்தனார் எடுத்திருப்பார், அவர்களுக்கு எதற்காக எடுத்தார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சிறுநீர்க் கசிவுக்குக் கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியமே இல்லை. அடி இறக்கத்துக்குக்கூட, அதாவது கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ மலக்குடலோ பிறப்புறுப்பு வழியாகக் கீழே சரிந்து வருவதற்குக்கூட, எல்லோருக்கும் அது தேவைப்படாது.

இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் முன்னாலிருந்து பின்னால் வரை தசைகள் ஒரு தூளி மாதிரி கட்டியிருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். சுகப்பிரசவத்தில், அதிலும் குழந்தை பெரிதாக இருந்தோ ஆயுதம் போட்டு எடுத்தோ இருந்தால், இந்தத் தசையும் அதன் நரம்பும் இழுபடும், சிலருக்குத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்துவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்து, எடையும் கூடி, மலச்சிக்கலில் முக்கி முக்கிப் பழகி, ஆஸ்துமா இருமலும் சேர்ந்துகொண்ட பிறகு ஒருநாள் வெளியே தெரியும். ஊருணியிலிருந்து குடம் சுமந்த தலைமுறையும், இன்று சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும், கல்யாண வீட்டுச் சமையலில் அண்டா தூக்குகிறவர்களும் ஒரே குறையோடுதான் வருகிறார்கள். சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

எப்போது கசிகிறது என்பதை நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டால் என் வேலையில் பாதி முடிந்தது. இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது, குனிந்து எதையாவது தூக்கும்போது கொஞ்சமாகத் தெறித்துவிடுகிறது என்றால் அது ஒரு வகை, தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது. 'வந்தால் அடக்க முடியவில்லை, ஓடிப் போவதற்குள் புடவை நனைந்துவிடுகிறது' என்றால் அது வேறு வகை, அங்கே சிறுநீர்ப்பை நிரம்பும் முன்னாலேயே தானாகச் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தும் வரும். முதல் வகைக்கு உதவும் அறுவை சிகிச்சை இரண்டாவது வகையை மோசமாக்கிவிடலாம், இரண்டாவதுக்குக் கொடுக்கும் மாத்திரையால் முதலாவதுக்குப் பயனில்லை. அதனால்தான் எடுத்த எடுப்பில் ஆபரேஷன் தேதி கேட்காதீர்கள் என்கிறேன்.

இந்த இரண்டாவது வகைக்கு நம் ஊர் வீடே ஒரு எதிரி. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் பழைய வீடு, கழிப்பறை கொல்லையில். இரவு இரண்டு மணிக்கு அவசரமாக முட்டிக்கொண்டு வரும்போது எழுபது வயது ஆச்சி நிலைப்படிகளைத் தாண்டி அரை இருட்டில் ஓட வேண்டும். ஆத்தங்குடித் தரை வேறு கண்ணாடியாய் வழுக்கும், அதில் நான்கு சொட்டு ஈரம் விழுந்தால் கேட்கவே வேண்டாம். தொடை எலும்பு முறிந்து எலும்பு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அவரும் சரிசெய்து அனுப்புகிறார், ஆச்சி எதற்காக ஓடினார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இப்படி இருக்கிறவர்கள் வீட்டில் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கைப்பிடியோடு ஒரு கமோடு நாற்காலி போட்டுக் கொடுங்கள். மருந்துச் சீட்டு எழுதும் முன்பே நான் சொல்வது இதைத்தான். கௌரவக் குறைச்சல் என்று மகன்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

அப்புறம், ஒரு பழைய நோட்டில் மூன்று நாள் கணக்கு எழுதச் சொல்வேன். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனீர்கள் (அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை போதும்), எப்போது கசிந்தது, அவ்வளவுதான். இந்த நோட்டு சொல்லும் கதையை எந்த ஸ்கேனும் சொல்லாது. கசிவுக்குப் பயந்து பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சாயங்காலம் தாகம் தாங்காமல் இரண்டு செம்பு குடித்துவிட்டு இரவெல்லாம் நடந்துகொண்டிருந்த ஒருவர், நோட்டைப் பார்த்ததும் தானே சிரித்துவிட்டார். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் கூடும், மலச்சிக்கலும் கூடும். சிலருக்கு ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போடுவதுதான் காரணமாக இருக்கும், கொடுத்த மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றினால் போதும். சர்க்கரையைப் பார்க்காமல் கசிவுக்கு மருந்து எழுதுவது சரியல்ல.

பரிசோதனைக்குத்தான் பலர் பயப்படுகிறார்கள், அதனால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பெண் செவிலியர் கூடவே இருப்பார். சிறுநீர் முட்டியிருக்கும்போது இருமச் சொல்லி, கசிகிறதா என்று பார்ப்போம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முக்கச் சொல்லி, எது இறங்குகிறது என்று பார்ப்போம். முன்சுவர் இறங்கினால் சிறுநீர்ப்பை, பின்சுவர் இறங்கினால் மலக்குடல், நடுவில் இறங்கினால் கர்ப்பப்பை. படுத்தால் உள்ளே போய்விடுகிறது என்றால் நிற்க வைத்தும் பார்க்க வேண்டியிருக்கும். விரலை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, தசைக்கு எவ்வளவு பலம் என்றும் பார்ப்போம். சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று ஒரு சோதனை, சிறுநீர் போன பிறகு மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு ஸ்கேன். பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவுதான்.

முதல் சிகிச்சை பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதியது, இன்றும் அதுதான் முதல் படி. சொல்வது சுலபம், சரியாகச் செய்கிறவர்கள்தான் குறைவு. காற்று பிரியாமல் அடக்குவோமே, அதே இடத்தை உள்நோக்கி, மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது, வயிறும் பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது. நிறையப் பேர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள், அது இருக்கிற இறக்கத்தைக் கூட்டும். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, தினம் மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். இரண்டு வாரம் செய்துவிட்டு 'ஒண்ணும் கேக்கலை' என்று வந்தால் நான் என்ன செய்வது? சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். இருமலோ தும்மலோ வருகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளுங்கள். அவசரமாக முட்டும்போது ஓடாமல் அப்படியே உட்கார்ந்து நாலைந்து முறை வேகமாக இறுக்கி விட்டால் அந்த வேகம் தணியும், பிறகு நடந்து போகலாம். இடுப்படியில் வலியோடு தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறவர்களும் உண்டு, அவர்களுக்கு இந்தப் பயிற்சி கூடாது. அதனால் முதலில் ஒருமுறை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிச் செய்து பார்த்துவிடுங்கள்.

எடை கூடியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், உடல் எடையில் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாராந்தரக் கசிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எண்பது கிலோ இருப்பவருக்கு ஆறரைக் கிலோ. மதியப் பலகாரத்தையும் நாலாவது காபியையும் விடச் சொன்னால் என்மேல் கோபம் வருகிறது, தெரியும். காபியைக் குறைத்தாலே அவசரம் குறைகிறவர்கள் இருக்கிறார்கள். குறையாதவர்களுக்கு மாத்திரை உண்டு. அதில் சிலவற்றால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், வயதானவர்களுக்கு ஞாபகத் தடுமாற்றமும் வரலாம், அதனால் மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

இறக்கம் தொந்தரவு கொடுக்கும் அளவுக்கு இருந்தால் பெஸரி என்கிற சிலிகோன் வளையம் இருக்கிறது. உள்ளே வைத்துவிட்டால் தாங்கிக்கொள்ளும், சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி வைக்க வேண்டும். இதய நோயால் மயக்க மருந்து கொடுக்கவே முடியாத ஒரு அப்பத்தா இந்த வளையத்தோடு நிம்மதியாக இருக்கிறார். அதற்காகத் தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வரவேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருடைய ஒரே புகார்.

அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்களும் உண்டு, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் இறக்கத்துக்காகக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு, தளர்ந்த தாங்கு திசுக்களை இழுத்துக் கட்டாமல் விட்டால், மிச்சமிருக்கும் பிறப்புறுப்பின் மேல்பகுதி பின்னாளில் இறங்கி வரலாம். கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்டும் முறைகளும் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை உருவாக்கியவர் நம் நாட்டு மருத்துவர் ஷிரோட்கர். பிறப்புறுப்பு வழியாக மெஷ் வலை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இறக்கத்துக்காக அப்படி வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொல்லிவிட்டது.

இன்னொரு விஷயம் மருத்துவப் புத்தகத்தில் இருக்காது. சுத்தமில்லை என்று நினைத்துக் கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர்கள், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போவதை வருஷக்கணக்கில் தள்ளிப் போட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியாது, முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருப்பார்கள்.

சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, வெளியே இறங்கியதில் புண், சிறுநீர் கொஞ்சமும் போகாமல் அடைத்துக்கொள்வது, இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே வாருங்கள். பிரசவமோ ஆபரேஷனோ முடிந்த பிறகு ராப்பகலாக நிற்காமல் கசிந்தால் அது நான் மேலே சொன்ன எதுவும் இல்லை, சிறுநீர்ப் பாதைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம், உடனே காட்ட வேண்டும். மற்றவர்கள் மூன்று நாள் நோட்டு, சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகள், பழைய பிரசவச் சீட்டு இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு, பக்கத்து அரசு மருத்துவமனை மகளிர் பிரிவுக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒண்ணுக்குப் போய்விட்டு வராதீர்கள், இருமிப் பார்க்க எங்களுக்கு அது வேண்டும்.