மேலே ஏரி உடைந்தால் கீழே யார் சொல்வது?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் கடலடி நிலம் அதிர்ந்தபோது சென்னையில் காலை ஆறரை மணி. மெரினாவில் அலை ஏறியது ஒன்பது மணி வாக்கில். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் சொல்ல இந்தியப் பெருங்கடலில் ஏற்பாடே இல்லை. அப்புறம்தான் வந்தது. இன்று ஐதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையம் பக்கத்து நாடுகளுக்கும் சேர்த்து எச்சரிக்கை அனுப்புகிறது. இமயமலையில் அந்த ஏற்பாடு இன்னும் அரைகுறைதான். அங்கே ஆபத்து ஏரியிலிருந்து வருகிறது, பல சமயம் அது அடுத்த நாட்டு ஏரி.

பனியாறு நகரும்போது பாறை, மணல், சேறு எல்லாவற்றையும் வழித்துத் தள்ளி வந்து முனையில் மேடாகக் குவிக்கும். வெப்பம் கூடக்கூடப் பனி பின்வாங்குகிறது, மேடு அங்கேயே நிற்கிறது, இடையில் உருகிய நீர் தேங்கி ஏரியாகிறது. இந்தக் கரையை எந்தப் பொறியாளரும் கட்டவில்லை. உள்ளே புதைந்த பனிக்கட்டி உருகினால் கரை தானாகவே அமுங்கும். மேலிருந்து பாறையோ பனிச்சரிவோ விழுந்தால் அலை எழும்பிக் கரையைத் தாண்டும், தாண்டுகிற நீர் தளர்ந்த மண்ணை அரிக்கும், உடைப்பு அகலமாகும், அகலமானால் இன்னும் அதிக நீர் பாய்ந்து இன்னும் அரிக்கும். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லொனாக் ஏரிக்குள் ஒரு கோடி கன மீட்டருக்கு மேல் உறைந்த மண்ணும் கல்லும் சரிந்தன. அந்த வெள்ளம் 1200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணையையே பெயர்த்துவிட்டு வங்கதேசம் வரை போனது.

காட்மாண்டுவில் 1983 முதல் இயங்கும் இசிமோடு என்ற மலை ஆய்வு மையத்தில் இந்தியா, சீனா, நேபாளம், பாகிஸ்தான் உட்பட எட்டு நாடுகள் உறுப்பினர்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துடன் சேர்ந்து அது 2020-இல் வெளியிட்ட பட்டியலில், நேபாளம் வழியே ஓடும் கோசி, கண்டகி, கர்னாலி ஆறுகளின் படுகைகளில் ஆபத்தான ஏரிகள் 47. அதில் 25 திபெத்தில், 21 நேபாளத்தில், ஒன்று இந்தியாவில். அதாவது நேபாளம் தன் எல்லைக்குள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பாதிக்கு மேல் அதன் கைக்கு எட்டாது. தன் பக்கம் உள்ள இம்ஜா ஏரியில் வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை 2016-இல் மூன்று மீட்டருக்கு மேல் இறக்கியது, அது வேறு.

எச்சரிக்கைக் கருவி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாலத்துக்கு அடியில் ஒரு ரேடார் நீர்மட்டத்தை அளக்கும், செயற்கைக்கோள் வழியே எண் போகும், திடீரென்று ஏறினால் கீழே சைரன் ஊதும். எல்லையிலேயே கருவியை வைத்தால் எல்லையோர ஊருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும், மலைச்சரிவில் வெள்ளம் அவ்வளவு வேகம். கருவி மேலே, அந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து யாராவது சொல்லவாவது வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு சத்லெஜ் ஆறே சாட்சி. 2000-இல் திபெத் பக்கமிருந்து வெள்ளம் முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது, இமாச்சலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004-இல் திபெத்தில் நிலச்சரிவு, சத்லெஜில் போய்ச் சேரும் பாரிச்சு ஆற்றை அடைத்து ஏரியாக்கியபோது சீனா இந்தியாவுக்குத் தகவல் சொன்னது, மறு ஆண்டு ஜூனில் அது உடைந்தபோது பாலங்களும் சாலைகளும் போயின, ஆனால் உயிர் போகவில்லை. அதே ஆண்டு சத்லெஜ் நீர்த்தகவலுக்கு ஒப்பந்தமும் போட்டார்கள்.

சரி, அந்த ஒப்பந்தம் 2020-இல் காலம் முடிந்துபோனது. பிரம்மபுத்திராவுக்கானது 2023-இல். 2025 ஆகஸ்ட் பேச்சுவார்த்தையில் அவசர நேரத்தில் தகவல் தருவதாகச் சீனா ஒப்புக்கொண்டிருக்கிறது. எது அவசரம் என்று மேலே இருப்பவர் முடிவு செய்வது எனக்கு உறுத்துகிறது, தினசரி எண்கள் ஓடிக்கொண்டே இருப்பதுதான் உருப்படியான வழி. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 8 அன்று, ரசுவாகடியில் நேபாளம்-சீனா நட்புப் பாலத்தை வெள்ளம் அடித்துப் போனது. எந்த முன்னறிவிப்பும் வரவில்லை. காரணம், திபெத்தில் பனியாற்றின் மேற்பரப்பிலேயே தேங்கியிருந்த ஒரு குட்டை வடிந்ததுதான் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து இசிமோடு சொன்னது, வெள்ளம் போன பிறகு.