சர்க்கரை இருக்கிறதா என்ற கேள்விக்கு யார் பதில் எழுதினார்கள்?

காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அக்கா, போன மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் கணவரின் இதய சிகிச்சைக் காகிதங்களும், மருத்துவக் காப்பீட்டு கம்பெனி அனுப்பிய கிளெய்ம் மறுப்புக் கடிதமும் இருந்தன. காரணம் ஒரே வரிதான்: சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறீர்கள்.

"சர்க்கரை என்று போட்டால் பிரீமியம் ஏறும் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம், விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜென்ட். கணவர் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். பிறகு கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது? அட்மிஷன் அன்று இரவு டியூட்டி டாக்டர் கேட்டபோது, "அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை" என்று மகன் சொல்லியிருக்கிறான். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. (பதற்றத்தில் வாய்க்கு வந்த வருடக் கணக்கைச் சொல்லாதீர்கள். பழைய மருந்துச் சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.)

எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்காக. அந்தப் பாலிசிக்கு வயது நாலேகால் ஆண்டு. முன்பெல்லாம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்புக் காலமே (அதுவரை அந்த நோய்க்கு கிளெய்ம் கிடையாது) நான்கு ஆண்டுகள்தான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் அதை மூன்றாகக் குறைத்தது. உண்மையை எழுதி, கம்பெனியும் ஏற்றுக்கொண்டிருந்தால், பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் இந்தக் காரணத்தைக் காட்டி மறுத்திருக்க முடியாது. இன்னொரு விதியும் அப்போதே மாறியது: தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி நிரூபணமானால் தவிர, மறைத்தார் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு ஆண்டுகள். இவருக்கு ஒன்பது மாதம் குறைந்துபோனது.

பாலிசி கைக்கு வந்ததும் கூடவே வரும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். நம் பக்கத்தில் பல வீடுகளில் அந்த நகல் ஏஜென்டின் மின்னஞ்சலிலேயே தங்கிவிடுகிறது. விண்ணப்பத்தில் உங்கள் செல்பேசி எண்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. மிச்சமாகும் பணத்தில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கூட்டிய தொகைக்கு அந்த 60 மாதக் கணக்கு புதிதாகத்தான் தொடங்கும்.

கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது) அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். தாமதத்தால் ஆஸ்பத்திரிச் செலவு கூடினால் அது கம்பெனியின் பொறுப்பு. ஆனால் ஆஸ்பத்திரி விவரத்தை அனுப்பிய பிறகுதான் கடிகாரம் ஓடும். காலையிலேயே டாக்டர் போகச் சொல்லியும் பில் மாலையில்தான் போகிறது என்றால், கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று இன்சூரன்ஸ் கவுன்டரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அக்காவுக்கு அந்தப் புகாரை எழுதிக் கொடுத்தேன். ஜெயிக்கும் என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது பையிலிருந்து இன்னொரு பாலிசியை எடுத்தார். அவருடையது. அதே ஏஜென்ட், அதே நாலேகால் ஆண்டு. பிரஷர் இருப்பதை அதிலும் எழுதவில்லை.

"ஒன்பது மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிடட்டுமா, சார்?"

அதற்குள் ஏதாவது வந்தால் கணவருக்கு வந்த கடிதமே உங்களுக்கும் வரும், இப்போதே கம்பெனிக்கு எழுதுங்கள் என்றேன். பிரீமியத்தைக் கூட்டலாம், பாலிசியை ரத்தும் செய்யலாம் என்பதையும் மறைக்கவில்லை. மகனிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார்.