ஊறுகாய் எங்கே போனது?

பக்கவாதம் வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த மாமா கேட்டார்: “என்னப்பா, ஊறுகாய் வைக்கலையா?” ஊறுகாய் எப்போதும் போல இலையின் இடது ஓரத்தில், உப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அத்தை இலையைச் சற்று வலப்பக்கம் தள்ளியதும் “அட, இருக்கே!” என்றார்.

அதே வாரம்தான் கார் சாவியைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், அதுவும் தோட்டத்து ஓரம் குடியிருப்பவருக்கு, சாவி போனால் கோயில், மார்க்கெட், ஈப்போ மருத்துவமனை எல்லாமே போன மாதிரி. “கை நல்லா இருக்கு, கால் நல்லா இருக்கு. அப்புறம் என்ன?” என்பது அவர் வாதம்.

கை கால் பலம் சின்ன விஷயம். ஆட்டோ கியர் காரும் ஸ்டீயரிங்கில் பொருத்தும் ஒரு குமிழும் அதில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். சிக்கல் கவனத்தில்.

நம் மூளையின் இடது பாதி பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டுமே கவனிக்கிறது. வலது பாதியோ இரு பக்கத்தையும் கவனிக்கிறது. அதனால் இடது மூளை அடிபட்டால் வலது மூளை ஓரளவு ஈடுகட்டும். வலது மூளை அடிபட்டால் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கண் ஒளியைப் பிடிக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே மனத்தில் பதிவதில்லை. இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பெயர். பார்வைப் புலத்தில் பாதி போவது வேறு. அங்கே பாதி தெரியவில்லை என்று அறிந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். இங்கே, எதுவும் குறையவில்லை என்று நம்புகிறவர் எதற்காகத் திரும்பப் போகிறார்? மாமா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நம் ரோட்டில் இடது ஓரம் என்றால் மோட்டார் சைக்கிள். மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. பிரேக் அரை நொடி பிந்தினால் இரண்டு மைவி கார் நீளம் கைவிட்டுப் போகும்.

இந்தக் கவனக் குறையை அளப்பதற்கு முதலில் தேவைப்படுவது காகிதமும் பென்சிலும். ஒரு கோட்டைச் சரிபாதியாக வெட்டச் சொல்வார்கள். மாமா வெட்டிய இடம் நடுவிலிருந்து நாலு விரல் வலப்பக்கம் தள்ளி இருந்தது. கடிகாரம் வரையச் சொன்னால் 12 எண்களையும் வலப்பாதியிலேயே நெருக்கி அடைப்பவர்கள் உண்டு. இன்னொரு சோதனையில் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும்: 1, அ, 2, ஆ, 3 என்று. குழந்தை விளையாட்டுபோலத் தெரியும். ஆனால் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவி, விட்ட இடத்தையும் நினைவில் வைத்திருப்பதுதான் சந்திப்பில் கார் ஓட்டுபவர் செய்யும் வேலை.

காகிதத்தில் தடுமாறியவர் ரோட்டில் சமாளிப்பதும் உண்டு, இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் கடைசிச் சொல் சாலைச் சோதனைக்குத்தான். பயிற்சியாளர் பக்கமும் பிரேக் உள்ள கார். பின் இருக்கையில் குறிப்பெடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குபவர். முதலில் ஆளில்லாத ரோடு, பிறகு நெரிசல். நடுவில் பேச்சும் கொடுப்பார்கள், கவனம் சிதறுகிறதா என்று பார்க்க. பழகாத பாதையிலும் விட வேண்டும். முப்பது வருடம் செம்பனை லாரி ஓட்டிய மாமாவுக்குத் தோட்டத்து வளைவுகள் உடம்பிலேயே பதிந்துவிட்டன, அங்கே குறை தெரியாது. நேரமும் முக்கியம். பக்கவாதத்துக்குப் பிந்திய களைப்பு முதல் பத்து நிமிடத்தில் முகம் காட்டாமல், அரை மணி நேரம் கழித்துத் தலைகாட்டலாம்.

பிரிட்டனில் பக்கவாதம் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் சொந்தக் காரைக்கூட ஓட்டக் கூடாது. அந்த மாதம் முடிந்தாலும், குறை தங்கிவிட்டால் தடை தொடரலாம். நம் நாட்டிலும் லாரி, பஸ் லைசன்ஸைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை உண்டு.

மூளை தன்னைச் சீர்செய்துகொள்வது முதல் சில மாதங்களில்தான் வேகமாக நடக்கும் என்பதால் மாமாவை மறுபடி வரச் சொன்னார்கள். போன மாதம் அதே கோட்டை வெட்டினார். ஒரு விரல் தள்ளி இருந்தது. சாலைச் சோதனை தீபாவளிக்குப் பிறகு. அதுவரை மைவியின் சாவி அத்தையின் இடுப்பில் இருக்கிறது. பேட்டரி இறங்காமலிருக்க, சனிக்கிழமை தோறும் அத்தையே போர்ட்டிக்கோவில் எஞ்சினை ஓடவிடுகிறார்.