மழுங்கிய கத்தியும் மடங்கும் கத்தியும்

கை அறுவை சிகிச்சை மருத்துவன் ஒருவன் கத்தியை வாங்கச் சொல்லி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், பூட்டு இல்லாத மடக்குக் கத்தியின் முனையால் அட்டைப் பெட்டியைக் குத்தித் திறக்க முயன்று, அது தம் ஆள்காட்டி விரல்மீதே மடங்கிக்கொண்ட ஒருவருக்குச் சென்ற வாரம், தசையை எலும்போடு இணைக்கும் நார்களான தசைநாண்களைத் தைத்து முடித்தபோது, இனியும் எழுதாமல் இருப்பது தவறு என்று பட்டது. "சின்ன வெட்டுதான், டாக்டர்" என்றே அவரும் தொடங்கினார். வெளிக்காயம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. உள்ளே விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களும் ஓரத்து நரம்பும் அறுந்திருந்தன. அந்தக் கை பழைய வலுவோடு வேலை செய்ய ஏறக்குறைய 12 வாரங்கள் ஆகும்.

அன்றாட வேலைக்கு வேண்டியது, சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள வெட்டும் அலகும், கை வழுக்கி முன்னே போகாதபடி தடுக்கும் புடைப்புள்ள பிடியும், அழுத்தமான உறையும் கொண்ட மடங்காத கத்தி ஒன்றுதான். கயிறு, சாக்கு, நெகிழிப் பட்டை, குச்சி சீவுதல் என எல்லாவற்றிற்கும் அது போதும். கீல் இல்லாததால் அழுக்குச் சேரும் இடுக்கும் இல்லை. மலிவான கத்தியாக இருப்பது குறையன்று: விலையுயர்ந்ததை வாங்கியவர்கள் அதை இழுப்பறையில் பத்திரப்படுத்திவிட்டுச் சமையலறைக் கத்தியால் பெட்டியைக் கிழிப்பதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

என்னை மிகவும் சலிப்படையச் செய்வது, "மழுங்கிய கத்திதான் பாதுகாப்பு" என்ற நம்பிக்கை. நெகிழிப் பட்டையை வெட்ட மறுக்கும் கத்தி, விரலை வெட்ட மறுப்பதில்லை. தோல் அதைவிட மிக மென்மையானது. கூரான கத்தி சிறு விசையிலேயே இறங்குவதால் நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கிறது. மழுங்கியதற்கோ உடல் எடையையே கொடுத்து அழுத்துகிறோம். பொருள் திடீரென விட்டுக்கொடுக்கும் கணத்தில் அத்தனை விசையும் எதிரே பிடித்திருக்கும் மற்றக் கையில் போய் முடிகிறது. அந்தக் காயமும் கூரான கத்தியின் காயத்தைப் போல் நேராக இருப்பதில்லை. பிய்ந்த ஓரங்களைச் சேர்த்துத் தைப்பவனுக்கே அந்த வேறுபாடு தெரியும். ஆகவே சாணைக்கல்லையும் சேர்த்தே வாங்குங்கள்.

கத்தி நெம்புகோலும் அன்று, திருப்புளியும் அன்று. வெட்டும் திசையில் உங்கள் உடலோ பிறர் உடலோ இருக்கக் கூடாது. கைதவறி விழும் கத்தியைப் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். கார்பன் எஃகு துருப்பிடிக்கும் என்பதால் துடைத்து உலர்த்தியே உறையில் இடுங்கள். உறையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்படியும் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். எந்தப் பொடியையும் அப்பாதீர்கள். விரல்நுனி மடங்கவில்லை என்றாலோ மரத்துப்போனாலோ, காயம் எத்தனை சிறிதாக இருந்தாலும், தயவுசெய்து அன்றே வாருங்கள். வருமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்; வீங்கிய விரலிலிருந்து அதை அறுத்தெடுப்பது எங்களுக்குத் தனி வேலையாகிவிடுகிறது.