இருநூறு டாலர் எங்கிருந்து வரும்?

1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் மூடப்பட்டதால் முதியோர் பலரின் வாழ்நாள் சேமிப்பும் கரைந்திருந்தது. அவ்வாண்டில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகர மருத்துவர் பிரான்சிஸ் டவுன்சென்ட் முன்வைத்த யோசனை விரைவிலேயே ஒரு பெரும் இயக்கமாயிற்று. 60 வயது நிரம்பியவர்களுக்கு அரசு மாதம் 200 டாலர் வழங்க வேண்டும். பெறுபவர் வேலையிலிருந்து விலகி, அப்பணத்தை 30 நாள்களுக்குள் செலவழித்துவிட வேண்டும். முதியவர் விட்ட இடம் இளையவருக்குக் கிடைக்கும், கடைகளில் விற்பனை பெருகும் என்று அவர் நம்பினார்.

முடங்கிய பொருளாதாரத்துக்குச் செலவே மருந்து என்ற அவருடைய கணிப்பில் தவறில்லை. தவறு, பணம் வரும் வழியில் இருந்தது. அவர் கேட்டபடி ஒவ்வொரு விற்பனைப் பரிமாற்றத்தின்மீதும் 2 சதவீத வரி விதித்தால், கோதுமை விற்கும்போதும் மாவு விற்கும்போதும் ரொட்டி விற்கும்போதும் அவ்வரி விலைமேல் விலையாக ஏறும். ஒரு கோடிப் பேருக்கு ஆண்டுக்கு 2,400 டாலர் என்றால் 2,400 கோடி டாலர் தேவை. அது அன்றைய தேசிய வருமானத்தில் ஏறத்தாழப் பாதி. முதியவர் கையில் சேரும் டாலர், விலையுயர்வின் வழியே இளைய குடும்பத்தின் கையிலிருந்து பிடுங்கப்பட்டதாகவே இருக்கும். மொத்த வாங்கும் சக்தி இடம் மாறுமே தவிர, பெரிதாக வளராது.

1935 ஆகஸ்ட் 14 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம், வறிய முதியோருக்கு மாநிலங்கள் அளிக்கும் உதவிக்கு உடனே மானியம் தந்தது. ஆனால் அதன் மையமான ஓய்வூதியத் திட்டம் எதிர்த்திசையில் தவறியது என்பேன். 1937 முதல் கூலியில் 1 சதவீதமும், முதலாளியிடமிருந்து அதே அளவும் பிடிக்கப்பட்டன. மாத ஓய்வூதியமோ 1942-இல்தான் தொடங்குவதாக இருந்தது. அதாவது, பணம் புழங்க வேண்டிய காலத்தில் அது சேமநிதிக்குள் போய்ச் சேர்ந்தது. 1937-இல் மீண்டும் வந்த சரிவுக்கு இதுவும் ஒரு காரணம். அரசுச் செலவுக் குறைப்பும் வங்கிகள் கட்டாயம் இருப்பில் வைக்க வேண்டிய தொகையை உயர்த்தியதும் உடன் சேர்ந்தன. 1939-ஆம் ஆண்டுத் திருத்தம் பெரும் சேமநிதி என்ற எண்ணத்தைத் தளர்த்தி, மாத ஓய்வூதியத்தை 1940 ஜனவரிக்கு முன்னகர்த்தியது.

உழைத்துச் செலுத்தியவரின் உரிமை என்ற அடித்தளம் ஓய்வூதியத்துக்கு மதிப்பைத் தந்தது உண்மையே. எனினும் வயலிலும் பிறர் வீட்டிலும் உழைத்தவர்களிடம் சட்டம் பங்களிப்பே கேட்கவில்லை. ஆகவே அவர்களுக்கு உரிமையும் பிறக்கவில்லை. நிலையான வேலையில் இருந்த விவசாயக் கூலிகளும் வீட்டுப் பணியாளர்களும்கூட 1950-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.